விசிட்டிங் கார்டைப் போனில் ஏற்ற எது தேறும்? லென்ஸ், ஸ்கேனர், கட்டண ஆப், கைத்தட்டச்சு: ஓர் அலசல்

கோவை கொடிசியா வளாகத்திலோ சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலோ மூன்று நாள் கண்காட்சி முடிந்தால், ஸ்டால் போட்டவர் கையில் ரப்பர் பேண்டு சுற்றிய இரண்டு கட்டு விசிட்டிங் கார்டுகள் மிஞ்சும். நாலைந்து வருஷத்துக் கட்டுகள் ஏற்கெனவே மேஜை டிராயரில் கிடக்கும். இதையெல்லாம் நொடியில் போனில் ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் ஆப்கள் பிளே ஸ்டோரில் ஏராளம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தினம் ஒன்றிரண்டு கார்டு வாங்குபவருக்கு இலவச கூகுள் லென்ஸ் போதும். டிராயர் நிறைய வைத்திருப்பவருக்கு விரிதாளும் தட்டச்சு தெரிந்த ஒருவரும் போதும். மாதச் சந்தா கட்டும் ஆப், விற்பனைக்கென்று நாலு பேரை வைத்து சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களைப் பின்தொடரும் மென்பொருள்) ஓட்டும் நிறுவனத்துக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.

ஏன் அப்படி என்று புரிய, இந்த ஆப்கள் செய்வது இரண்டு வேலை என்பதைக் கவனிக்க வேண்டும். கார்டின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது முதல் வேலை; ஓசிஆர் என்பது இதைத்தான். பிரித்த எழுத்தில் எது பெயர், எது நிறுவனம், எது பதவி, எது செல் நம்பர் என்று பார்த்து அந்தந்தக் கட்டத்தில் போடுவது இரண்டாவது. வெள்ளைக் கார்டில் கறுப்பு ஆங்கில எழுத்து என்றால் முதல் வேலையை இன்று எந்த ஆப்பும் ஒழுங்காகச் செய்துவிடும். கோட்டை விடுவதெல்லாம் இரண்டாவதில்தான். விளம்பரத்தில் ‘துல்லியம்’ என்று போடுவது முதல் வேலையைப் பற்றி. நமக்குத் தலைவலி தருவது இரண்டாவது.

நம்மூர்க் கார்டு அந்த இரண்டாவது வேலைக்கென்றே அமைந்த சோதனைத்தாள். மேலே நடுவில் பிள்ளையார் சுழி, அல்லது ‘ஸ்ரீ முருகன் துணை’, அல்லது 786. ஆப்பின் கணக்கில் தலைப்பில் தனியாக நிற்கும் வரி நிறுவனத்தின் பெயர். ஆக, முருகன் துணை நிறுவனமாகிவிடுவார். உண்மையான கடைப் பெயர் முகவரியில் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்து இனிஷியல். பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து வெளிநாட்டில் எழுதப்பட்ட ஆப்புக்கு ‘எஸ். முத்துக்குமார்’ என்றால் பெயர் எஸ், குடும்பப் பெயர் முத்துக்குமார். கான்டாக்ட் பட்டியலில் எஸ் என்ற எழுத்தின்கீழ் நாற்பது பேர் வரிசையாக நிற்பார்கள். பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.பி.ஏ. என்று பட்டம் இருந்தால் கடைசிப் பட்டம் குடும்பப் பெயராகும் வாய்ப்பும் உண்டு. முன்னால் ரொட்டேரியன், எம்ஜேஎஃப் லயன், இன்ஜினியர், அட்வகேட் என்று அடைமொழி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தொலைபேசி எண்ணில் வேறு விதமான சிக்கல். ஒரே கார்டில் ஆபீஸ், ரெசி, செல், வாட்ஸ்அப் என்று நாலு எண் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு தரைவழி எண்களை அச்சகத்தார் இடம் மிச்சம் பிடிக்க முதல் எண்ணை முழுதாகவும், சாய்கோடு போட்டு அடுத்ததன் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் அச்சடித்திருப்பார்கள். மனிதருக்குப் பார்த்ததும் புரியும். ஆப் இரண்டையும் ஒட்டி 12 இலக்க எண்ணாக்கும், அல்லது கடைசி இரண்டைத் தூக்கி எறியும். முகவரியின் பின்கோடு நடுவில் இடைவெளி விட்டு அச்சாகியிருந்தால் அதுவும் சில சமயம் போன் நம்பராக நுழைந்துவிடும்.

சரிபார்க்க ஒரு சுருக்கு வழி இருக்கிறது. இந்திய எண் எதுவானாலும், முன்னால் வரும் பூஜ்யத்தையும் +91-ஐயும் நீக்கினால் 10 இலக்கம் வர வேண்டும். செல் என்றால் 6, 7, 8, 9-இல் ஒன்றில் தொடங்கும். தரைவழி என்றால் எஸ்டிடி குறியீடு நீள நீள எண் குறையும்: சென்னை 044-க்குப் பின் 8 இலக்கம், கோவை 0422-க்கும் திருப்பூர் 0421-க்கும் பின் 7, சிவகாசி 04562-க்குப் பின் 6. ஒன்பதோ பதினொன்றோ வந்தால் ஓசிஆர் எதையோ தின்றிருக்கிறது அல்லது பக்கத்து எழுத்தைச் சேர்த்திருக்கிறது. மிகப் பழைய கார்டில் சென்னை எண் 7 இலக்கமாகவே இருக்கலாம். பிற்பாடு முன்னால் 2 சேர்ந்தது. அது ஓசிஆரின் பிழையில்லை, கார்டின் வயது.

கூகுள் லென்ஸ்

கார்டை நேரே மேலிருந்து படம் எடுத்து லென்ஸில் திறந்தால் எண்ணையும் மின்னஞ்சலையும் அடையாளம் கண்டு, பெரும்பாலும் கான்டாக்டில் சேர்க்கச் சொல்லும் பொத்தானைக் காட்டும். அதைத் தொட்டால் பெயர், எண், மின்னஞ்சல் நிரம்பிய கான்டாக்ட் பக்கம் திறக்கும். பொத்தான் வராத கார்டும் உண்டு. எழுத்து அலங்காரமாக இருந்தாலோ, எண் இரண்டு வரியில் உடைந்திருந்தாலோ வராது. அப்போது உரையை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து ஒட்ட வேண்டியதுதான்.

சேமிக்கும் முன் மூன்று இடத்தைப் பார்த்துவிட்டால் பின்னால் வரும் தொல்லையில் பாதி குறையும். முதலாவது, எந்தக் கணக்கில் சேமிக்கிறது என்பது. கூகுள் கணக்கு, போன், சிம் என்று மூன்று வழி காட்டும் போன்களில் கூகுள் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். சிம்மில் போனால் பெயரும் எண்ணும்தான் தங்கும். நிறுவனம், முகவரி எல்லாம் காற்றில் போகும். தமிழில் எழுதிய நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும். போன் நினைவகத்தில் வைத்தால் போன் தொலைந்த அன்றைக்கு எல்லாம் தொலையும். இரண்டாவது, பெயர்க் கட்டம். இனிஷியலைப் பின்னால் தள்ளி ‘முத்துக்குமார் எஸ்’ என்று முழுப் பெயரையும் முதல் கட்டத்திலேயே போட்டு, குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுவது நம் பெயர்களுக்குப் பொருந்தும். மூன்றாவது, எண்ணுக்கு முன் +91. உள்ளூரில் அது இல்லாமலே அழைப்பு போகும். ஆனால் அதே கான்டாக்டை துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் கூட்டாளிக்கு அனுப்பினால் வாட்ஸ்அப் அந்த எண்ணை அவர் நாட்டு எண்ணாக எடுத்துக்கொள்ளும். இலங்கை, மலேசியா கார்டுகளிலும் இதே கதை: +94, +60 போட்டபின் உள்ளூர் எண்ணின் முதல் பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும். ஓசிஆர் தானாக எடுக்காது.

லென்ஸின் குறை, ஒவ்வொன்றாகத்தான் போக முடியும் என்பது. பத்துக் கார்டுக்குப் பரவாயில்லை. ஐம்பதாவது கார்டில் சலித்துப்போய், பார்க்காமலே ‘சேமி’யை அழுத்துவீர்கள், பிழைகள் உள்ளே நுழைவது அங்கேதான். இணையம் வேண்டும் என்பதும், படம் கூகுள் சர்வருக்குப் போகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஐபோன்காரர்களுக்குப் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் லைவ் டெக்ஸ்ட் இருக்கிறது. 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் வந்தது. ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதலான மாடல்களில் ஓடும். எண்ணையோ மின்னஞ்சலையோ அழுத்திப் பிடித்தால் கான்டாக்டில் சேர்க்கும். ஆனால் முழுக் கார்டையும் ஒரே மூச்சில் பிரித்துப் போடாது. வரி வரியாக நகலெடுக்க வேண்டும். வந்தபோது அதற்குத் தெரிந்த 7 மொழிகளில் தமிழ் கிடையாது. ஐபோனிலும் லென்ஸ் வேலை செய்யும் என்பதால் தமிழ்க் கார்டுக்கு அதையே பயன்படுத்துவது நல்லது.

படம் எடுக்கும் விதம்

ஆப்பை மாற்றிப் பார்ப்பதைவிட வெளிச்சத்தை மாற்றிப் பார்ப்பது அதிகப் பலன் தரும். ஃபிளாஷ் கூடாது, லேமினேஷன் போட்ட கார்டில் நடுவில் வெள்ளைத் தழும்பு விழும், பெரும்பாலும் எண்ணின் மேலேயே. ஜன்னல் ஓரத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில், கறுப்பு சார்ட் பேப்பர்மேல் கார்டை வைத்து எடுங்கள். வெள்ளை மேஜையில் வெள்ளைக் கார்டை வைத்தால் ஓரம் எங்கே முடிகிறது என்று ஆப்புக்குத் தெரியாது, கோணலாக வெட்டும். போனைக் கார்டின்மேல் கவிழ்க்காமல் ஓர் அடி உயரத்தில் பிடித்து இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் உங்கள் கை நிழலும் விழாது, ஓரங்கள் வளையாது.

அச்சகத்தார் சேர்க்கும் அழகு வேலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வைத்தியம். தங்க ஃபாயில் எழுத்தைப் போனில் எடுத்தால் ஒளியைத் திருப்பி அடிக்கும். கார்டைச் சற்றே சாய்த்தால் அதே எழுத்து இருண்டு தெளிவாகும். ஸ்கேனர் கண்ணாடியில் வைத்தால் ஃபாயில் பெரும்பாலும் கறுப்பாகவே பதியும், ஏனென்றால் விளக்கின் ஒளி சாய்வாகப் பட்டு வேறு பக்கம் போய்விடுகிறது. வெள்ளைக் கார்டுக்கு அது வரம். மெரூன் கார்டில் தங்க எழுத்து என்றால் கறுப்பில் கறுப்பு. ஸ்கேனரை மறந்துவிட்டு போனைச் சாய்த்து எடுக்க வேண்டும். கறுப்பு மேட் கார்டில் நிறமில்லாத ஸ்பாட் யூவி என்ற பளபளப்புப் பூச்சை மட்டும் பூசிப் பெயர் எழுதியிருந்தால் எந்த ஓசிஆரும் படிக்காது, கையால் தட்டுங்கள். ஒளி ஊடுருவும் பிவிசி கார்டுக்கு அடியில் வைக்கும் தாளின் நிறம் முக்கியம்: அச்சு கறுப்பென்றால் வெள்ளைத் தாள், அச்சு வெள்ளையென்றால் கறுப்பு.

வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பிய கார்டுப் படமா? சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, சின்ன எழுத்து கலங்கிப் போயிருக்கும். ‘டாக்குமென்டாக அனுப்புங்கள்’ என்று ஒரு வரி கேட்டுவிட்டால் தீர்ந்தது. 3.5 அங்குலத்துக்கு 2 அங்குலம் என்ற வழக்கமான கார்டு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 1050-க்கு 600 பிக்சல். 6 பாயின்ட் ஆங்கில எழுத்து அதில் 25 பிக்சல் உயரம் பெறும். சின்ன எழுத்தின் உடல் பகுதிக்குப் பாதிதான் கிடைக்கும். ஓசிஆருக்கு அது வரம்பு. அதற்குக் கீழே போனால் ஆர், என் இரண்டும் ஒட்டி எம் ஆகும், சின்ன எல் 1 ஆகும், ஓ பூஜ்யமாகும். மின்னஞ்சல் முகவரியில் இவை மூன்றும் உயிர்க்கொல்லி. எண்ணிலாவது இலக்கத்தை எண்ணிப் பிழை கண்டுபிடிக்கலாம். மின்னஞ்சலில் ஒரு புள்ளி போனால் வெளியே தெரியாது.

தமிழில் அச்சிட்ட கார்டு

பெரும்பாலான கார்டு ஆப்கள் தமிழில் தோற்பதற்குக் காரணம் எளிது. ஆண்ட்ராய்டு ஆப்கள் பல, கூகுள் இலவசமாகத் தரும் எம்எல் கிட் என்ற தொகுப்பை வைத்து, போனுக்குள்ளேயே எழுத்தைப் படிக்கின்றன. அதில் லத்தீன், சீனம், ஜப்பானியம், கொரியம், தேவநாகரி உண்டு, தமிழ் இல்லை. அப்படிப்பட்ட ஆப்பில் தமிழ்க் கார்டைக் காட்டினால் எண்ணை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் குப்பையாகக் கொட்டும். ‘இந்திய மொழிகள்’ என்று விளம்பரத்தில் பொதுவாக எழுதியிருந்தால் தமிழ் என்று பெயர் சொல்லியிருக்கிறதா என்று பார்த்தபின் காசு கட்டுங்கள்.

லென்ஸ் தமிழைப் படிக்கும். கணினியில் என்றால் கூகுள் டிரைவ் இன்னும் வசதி: படத்தை ஏற்றி, வலது கிளிக் செய்து, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொன்னால் மேலே படமும் கீழே எழுத்தும் வரும். படம் 2 எம்பிக்குள் இருக்கட்டும். பணம் கட்டாமல், இணையமும் இல்லாமல் செய்ய வேண்டுமென்றால் டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள் இருக்கிறது. அதற்குத் தமிழ்ப் பயிற்சிக் கோப்பைத் தனியே இறக்க வேண்டும். கட்டளை வரியில் பழக்கம் உள்ளவருக்கு மட்டும்.

தமிழ் ஓசிஆரின் பிழைகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் என்பதால் கண்டுபிடிப்பது சுலபம். புள்ளி உதிரும்: ‘ஸ்டோர்ஸ்’ ‘ஸடோரஸ’ ஆகும். ரகரமும் துணைக்காலும் இடம் மாறும். எகர ஏகாரக் கொம்பு குழம்பும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரியாத பிழை ஒன்று உண்டு: ‘கௌ’. ஔகாரக் குறியின் வலப்பகுதி ளகரம் போலவே இருப்பதால் ‘கௌதம்’ என்பது ககர எகரத்தோடு தனி ளகரம் சேர்ந்து ‘கெளதம்’ என்று பதியும். பார்க்க இரண்டும் ஒன்றுபோல. பிறகு கான்டாக்டில் கௌதமைத் தேடினால் ஆள் இல்லை என்று வரும். ஔகாரப் பெயர்களைக் கையால் ஒருமுறை மறுபடி தட்டிவிடுவதே நிம்மதி.

அச்சகத்திலிருந்தே கார்டின் பிடிஎஃப் கிடைத்தால் வேலை மிச்சம் என்று தோன்றும். பல அச்சகங்களில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தமிழ் அடிக்கிறார்கள். அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். அந்தப் பிடிஎஃபைப் படமாக மாற்றி ஓசிஆரில் கொடுப்பதே குறுக்கு வழி.

பெயரைத் தமிழில் சேமிப்பதா ஆங்கிலத்திலா? பெயர்க் கட்டத்தில் நீங்கள் எந்த மொழியில் தேடுவீர்களோ அந்த மொழி. கார் ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் அழைப்பு வரும்போது கட்டம் கட்டமாகத் தெரியும். வண்டியிலேயே பாதி நாள் கழிப்பவர் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்வது உசிதம்.

காசு கொடுத்து வாங்கும் ஆப்

கார்டு ஆப்களின் ஆயுளைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். கார்டுமன்ச் என்ற ஆப்பை 2011-இல் லிங்க்ட்இன் வாங்கியது. மனிதர்களே உட்கார்ந்து கார்டைப் பார்த்துத் தட்டித் தந்த சேவை அது, 2014-இல் மூடிவிட்டார்கள். கேம்கார்டு இங்கே பெரும் புழக்கத்தில் இருந்தது. 2020 நவம்பரில் மத்திய அரசு தடைசெய்த 43 ஆப்களின் பட்டியலில் அதுவும் சேர்ந்தது. அதன் உடன்பிறப்பான கேம்ஸ்கேனர் அதே ஆண்டு ஜூனிலேயே போயிருந்தது. அலுவலகங்களில் பலர் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் லென்ஸுக்கு ஓய்வு கொடுக்கப்போவதாக 2025-இல் அந்நிறுவனமே அறிவித்தது. அதனால் எந்த ஆப்பிலும் முதலில் தேட வேண்டிய பொத்தான் ஸ்கேன் இல்லை, ஏற்றுமதி. எல்லாக் கார்டையும் ஒரே கோப்பாக, சிஎஸ்வியாகவோ (விரிதாளில் திறக்கும் கோப்பு) விசிஎஃப் ஆகவோ (கான்டாக்ட் கோப்பு), இலவசக் கணக்கிலேயே வெளியே எடுக்க முடிகிறதா? பல ஆப்கள் உள்ளே விடும்போது சிரித்து வரவேற்கும். வெளியே எடுக்கும்போது சந்தா கேட்கும். மூன்று கார்டை ஏற்றி, உடனே ஏற்றுமதி செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஜோஹோ, ஹப்ஸ்பாட் போன்ற சிஆர்எம் நிறுவனங்களின் கார்டு ஸ்கேனர் வேறு கணக்கு. கண்காட்சியில் வாங்கிய கார்டு நேரே விற்பனைப் பட்டியலில் விழுந்து, யார் எப்போது கூப்பிட வேண்டும் என்பதுவரை ஓடும். ஏற்கெனவே அந்த மென்பொருளில் வேலை பார்ப்பவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. கார்டு ஸ்கேனுக்காக மட்டும் சிஆர்எம் வாங்குவது, பொத்தானுக்குத் தகுந்தாற்போல் சட்டை தைப்பது.

டிராயர் நிறையக் கார்டு

இருநூறு கார்டுக்கு எந்த ஓசிஆரையும்விடக் கைத்தட்டச்சு நம்பகம். ஒரு கார்டுக்கு நிமிடம், ஒன்றரை நிமிடம். மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குள் முடியும். ஓசிஆர் எடுத்ததைத் திருத்தவும் ஏறக்குறைய அதே நேரம் ஆகும், கூடவே கண் பார்க்காமல் தப்பும் பிழைகள் வேறு. தட்டும் முன் கட்டைப் பிரித்துப் பாதியைத் தனியே வையுங்கள்: இனிமேல் கூப்பிடவே போகாதவர்கள். அவர்களைத் தட்ட வேண்டாம், படம் மட்டும் போதும்.

படத்துக்குச் சாதாரண ஃபிளாட்பெட் ஸ்கேனர் போதும். 90-க்கு 54 மில்லிமீட்டர் கார்டு ஏ4 கண்ணாடியில் இரண்டு வரிசையாகப் பத்து நிற்கும். மூடிக்குப் பதில் கறுப்புத் தாள் போட்டு 300 டிபிஐயில் எடுங்கள். தமிழ்ப் பொடி எழுத்தென்றால் 600. அப்படியே ஓசிஆர் செய்ய நினைத்தால் பத்தை வைக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்துக் கார்டை ஒரே வரியாகப் படித்து, இவர் பெயருக்கு அவர் நம்பரைக் கட்டிவைக்கும் அபாயம் உண்டு. ஒரே வரிசையில் ஐந்து கார்டு பாதுகாப்பு. தாள் இழுக்கும் ஸ்கேனர், உதாரணமாக முன்பு ஃபுஜிட்சு பெயரில் வந்து இப்போது ரிக்கோ பெயரில் விற்கும் ஸ்கேன்ஸ்னாப், வேகமானது. மெல்லிய கார்டுகளில் பறக்கும். லேமினேஷன் கார்டு இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போகும், தடித்த பிவிசி கார்டு சிக்கும். இரண்டாயிரம் கார்டு இல்லாதவர் இதற்காக அதை வாங்க வேண்டியதில்லை.

தட்டச்சுக்குக் கூகுள் ஷீட்ஸ், எக்செல் எதுவானாலும் முதல் காரியம், போன் எண் நெடுவரிசையை ‘எளிய உரை’ வடிவத்துக்கு மாற்றுவது. மறந்தால் மூன்று விபத்து: முன்னால் உள்ள பூஜ்யம் மறையும், +91 போட்டால் பிளஸ் காணாமல் போகும், 12 இலக்க எண் ‘9.19E+11’ என்று சுருங்கும். சுருங்கியபின் சிஎஸ்வியாகச் சேமித்துவிட்டால் கடைசி இலக்கங்கள் திரும்பக் கிடைக்காது. எக்செலில் தமிழ் இருந்தால் சாதாரண சிஎஸ்வியாகச் சேமிக்கக் கூடாது. ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தனியே ஒரு வகை இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர்களெல்லாம் கேள்விக்குறி.

நெடுவரிசைத் தலைப்புகளை நீங்களாக எழுதாதீர்கள். கூகுள் கான்டாக்ட்ஸில் எல்லா விவரமும் நிரப்பிய ஒரு கான்டாக்டை உருவாக்கி, அதை மட்டும் கூகுள் சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்தால் சரியான தலைப்பு வரி கிடைக்கும். அதன் கீழ் உங்கள் வரிகளை ஒட்டுங்கள். குறிப்பு நெடுவரிசையில் எங்கே, எந்த மாதம் வாங்கிய கார்டு, ஸ்கேன் படத்தின் எண் என்ன என்று போடுங்கள். ஜிஎஸ்டி எண்ணும் அங்கேதான்: 15 எழுத்து, தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33-இல் தொடங்கும், மூன்றாவது முதல் பன்னிரண்டாவது வரை பான். எண்ணிக்கை சரியாக இல்லாவிட்டால் கார்டை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

ஒரு தடவைக்கு 3,000 கான்டாக்ட் வரை ஏற்றலாம். ஆனால் முதலில் ஐந்து வரி மட்டும் ஏற்றி, போனில் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஏற்றிய தொகுதிக்குத் தேதியோடு ஒரு லேபிள் தானாக விழும். தப்பாகிவிட்டால் அந்த லேபிளைத் தேர்ந்தெடுத்து மொத்தமாக அழிக்கலாம். அதற்கும் மேல், அமைப்புகளில் 30 நாள் வரை பழைய நிலைக்குத் திரும்பும் வசதி இருக்கிறது. நகல்களைச் சேர்க்கச் சொல்லி கூகுள் பரிந்துரைக்கும்போது ‘எல்லாவற்றையும் சேர்’ என்பதைத் தொடாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு செந்தில்குமார் இருப்பது இங்கே அதிசயமில்லை.

ஏஐயிடம் கொடுத்தால்?

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றிடம் கார்டுப் படத்தைக் கொடுத்து விகார்டு வடிவில் (விசிஎஃப் கோப்புக்குள் இருப்பது) கேட்டால், இரண்டாவது வேலையில், அதாவது எது பெயர் எது கடை என்று பிரிப்பதில், கார்டு ஆப்களை மிஞ்சுகின்றன. முருகன் துணை நிறுவனம் இல்லை என்று அவற்றுக்குத் தெரிகிறது. சாய்கோட்டுக்குப் பின்னுள்ள இரண்டு இலக்கத்தை முழு எண்ணாக விரிக்கவும் தெரிகிறது. ஆபத்து வேறு இடத்தில். எழுத்து கலங்கியிருந்தால் ஓசிஆர் குப்பையைக் கொட்டும், உங்களுக்கு உடனே தெரியும். ஏஐ அதே இடத்தில் நம்பும்படியான ஓர் இலக்கத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். ‘முத்துகுமார்’ என்று கார்டில் அச்சிட்டிருப்பதை ‘முத்துக்குமார்’ என்று திருத்தும். தெளிவில்லாத இடத்தில் கேள்விக்குறி போடு, எதையும் திருத்தாதே, தமிழைத் தமிழாகவே வை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்ன பிறகும் எண்களைக் கார்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விகார்டில் 3.0 வடிவம் கேட்பது நல்லது. பழைய 2.1-இல் தமிழ்ப் பெயர் சமன் குறிகளும் எண்களுமாக உருமாறிப் பதியும். சில போன்கள் அதைத் திருப்பிப் படிக்கத் தவறும். தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 3 பைட். நீண்ட வரியை 75-ஆவது பைட்டில் மடிக்கும் ஒழுங்கற்ற மென்பொருள் எழுத்தின் நடுவிலேயே வெட்டும். பெயரின் நடுவே கறுப்பு வைரக்குறி தெரிந்தால் காரணம் இதுதான்.

கார்டில் க்யூஆர் இருந்தால் முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். கான்டாக்ட் விவரம் நேரடியாக அதற்குள் அச்சாகியிருந்தால் பிழையே இல்லாமல் மொத்தமும் வந்துவிடும். கடைக்காரர் கார்டில் இருப்பது பெரும்பாலும் யூபிஐ க்யூஆர். அது பணம் கேட்கும், பெயரைத் தராது. இணைய முகவரியைத் திறக்கும் க்யூஆர் என்றால் அன்றைக்கே சேமித்துவிடுங்கள். கார்டுக்காரர் சந்தா கட்டுவதை நிறுத்தினால் பக்கமும் போய்விடும்.

ஏற்றி முடித்த கார்டை உடனே கிழிக்க வேண்டாம். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: அங்கே பேனாவால் ஒரு விலையோ, ‘சாயங்காலம் 6-க்கு மேல் கூப்பிடவும்’ என்றோ எழுதியிருக்கும். அதைக் குறிப்புக் கட்டத்தில் தட்டியபிறகு ரப்பர் பேண்டைப் போடலாம்.